மொரட்டுக்கல்லில் நடந்த விசாரணை

மூன்று மாதம் அவன் என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். நான் செய்ததற்கு எனக்கு மன்னிப்பு இல்லை என்பது தெரியும். ஆனால் அவனுடைய அந்த மூன்று மாதச் சிரிப்பை நானும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வட்டகொடைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள் நாங்கள். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர். அதுவும் கூரை வரை போகாது. அவர்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். அவன் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பாயில் உட்கார்ந்து படித்தோம். பிறகு என் அப்பா, கங்காணி என்ற செல்வாக்கில், என்னைத் தலவாக்கலைக்கு அனுப்பி இங்கிலீஷ் படிக்க வைத்தார். அவனுக்கு அப்பா இல்லை. பன்னிரண்டு வயதில் வேலைக்கு இறங்கி, பதினாறு வயதில் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துவிட்டான். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடும் வேலை அது. நல்ல கத்திக்காரன் என்று பேர் வாங்கினான்.

பேர் என்று எழுதும்போதே எனக்குக் கை தயங்குகிறது. எல்லாம் பேரில்தான் ஆரம்பித்தது.

நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்கள் ஆட்களுக்குக் குடியுரிமை இல்லை என்றாகிவிட்டது. வேண்டுமானால் மனு எழுதிப் போட வேண்டும். இங்கேயே இருந்தவன் என்று காகிதத்தாலும் சாட்சியாலும் காட்ட வேண்டும். மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். ஐம்பதுகளின் நடுவில் ஒவ்வொருவருக்காக விசாரணைக் கடிதம் வர ஆரம்பித்தது. முதலில் எனக்கு வந்தது. இடையில் நான் இந்தியாவுக்குப் போய் வரவில்லை என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். அவன் வந்தான். வட்டகொடையில் ரயில் ஏறி, நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து நுவரெலியாவுக்குப் போனோம். விசாரணை அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தார்.

"இவரை உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள்.

"ஒரே செவுருங்க ஐயா. இவன் அழுதா எனக்குக் கேக்கும்" என்றான் அவன்.

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் திணறினார். பிறகு ஏதோ சொன்னார். அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். சில மாதங்களில் எனக்குக் குடியுரிமைக் கடிதம் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் அவனுக்கு விசாரணை வந்தது. அவனுக்குச் சிக்கல் பேரில் இருந்தது. பிறந்தபோது பதிவுப் புத்தகத்தில் ஒரு பேரை எழுதியிருந்தார்கள். மூன்று வயதில் அம்மை கண்டு பிழைத்தான். அம்மன் கொடுத்த உயிர் என்று அவன் அம்மா அந்தப் பேரை விட்டுவிட்டு அம்மன் பேரால் கூப்பிட ஆரம்பித்தார். பள்ளிக்கூட வருகை இடாப்பிலும் தோட்டத்துப் பதிவிலும் அந்த இரண்டாவது பேர்தான். இரண்டும் ஒரே ஆள்தான் என்று யாராவது சத்தியம் பண்ண வேண்டும். பெற்ற தாயின் வாக்கு மட்டும் போதாது என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் எப்போதோ இறந்துவிட்டார். மிச்சம் இருந்தது நான். எழுதப் படிக்கத் தெரிந்தவன், இங்கிலீஷ் பேசுகிறவன், குடியுரிமை கிடைத்தவன். என்னைவிட நல்ல சாட்சி அவனுக்கு இந்த உலகத்தில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்திருந்தது. வேலைக்காட்டில் ஆட்களை நிறுத்தி வேலை வாங்குகிற உத்தியோகம். ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். எனக்கு மேலே இருந்த பெரிய கணக்கப்பிள்ளைக்கு என் சிநேகிதனைக் கண்டால் ஆகாது. எதிரே அவர் வந்தால் தோட்டத்தில் எல்லோரும் தலைத்துணியை எடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அவன் மட்டும் துணியையும் எடுக்க மாட்டான், வழியையும் விட மாட்டான். தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, பெரிய கணக்கப்பிள்ளை தொழிலாளர்களைக் கெட்ட வார்த்தையால் திட்டுவதைப் பற்றிப் பேசியும் இருந்தான்.

விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை பெரிய கணக்கப்பிள்ளை என்னை ஸ்டோருக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"செவ்வாக்கெழம நுவரெலியா போறியாமே?"

"ஆமாங்க ஐயா. சாட்சி சொல்லணும்."

"தாராளமாப் போயிட்டு வா. ஆனா புதங்கெழம பெரட்டுக்கு வந்து நிக்காத. வேற ஆளு போட்டுக்கிறேன்."

அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டில் நான் இல்லை என்றால் உத்தியோகமும் இல்லை.

திங்கட்கிழமை சாயந்தரம் நான் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். அவன் வந்தான். மறுநாளைக்காகச் சலவை செய்த வேட்டியைக் காட்ட எடுத்து வந்திருந்தான். நான் படுத்திருப்பதைப் பார்த்து நெற்றியில் கை வைத்தான்.

"சுடலையேடா."

"உள்காச்சல். நடுங்குது. எந்திரிச்சாத் தல சுத்துது."

கொஞ்ச நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். "சரி, படு. நான் அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சமாளிச்சுக்கிறேன்" என்றான்.

மறுநாள் அவனும் அவன் அம்மாவும் முதல் ரயிலுக்குப் போன பிறகு, நான் எழுந்து தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்குக் குறுக்குப் பாதையில் போய்ப் பெரட்டில் நின்றேன். அங்கே நின்றால் எங்கள் லயத்து ஆட்கள் கண்ணில் பட மாட்டேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். சாயந்தரம் அவன் திரும்பி வந்து என் வீட்டு வாசலில் நின்றான். "காச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டான். விட்டுவிட்டது என்றேன். "நல்லதாப் போச்சு" என்று சிரித்தான்.

அதற்குப் பிறகு மூன்று மாதம். தினமும் பார்த்தோம், பேசினோம், தண்ணீர்ப் பீலியில் ஒன்றாகக் குளித்தோம். ஒரு நாள் நீண்ட உறையில் இங்கிலீஷ் கடிதம் வந்தது. அதை என்னிடமே கொண்டுவந்து படிக்கச் சொன்னான். மனுதாரரும் பிறப்புப் பத்திரத்தில் உள்ளவரும் ஒரே ஆள்தான் என்பது நிரூபிக்கப்படவில்லை, ஆகையால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனபோது அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி" என்றான். கடிதத்தை மடித்து வாங்கிக்கொண்டான். பிறகு, "வர்ற ஞாயித்துக்கெழம மொரட்டுக்கல்லுக்குப் போவமா? சின்னப் புள்ளையில இருந்து சொல்லிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றான்.

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கோபம் இருந்தால் இப்படிக் கூப்பிடுவானா என்று நினைத்தேன். "சாப்பாடு?" என்றேன். "நான் கொண்டாறேன். நீ சும்மா வா" என்றான்.

மொரட்டுக்கல் எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் நிற்கும் மலை. வெள்ளைக்காரர்களின் வரைபடத்தில் அதற்கு வேறு பேர் இருந்திருக்கலாம். தேயிலை முடிகிற இடத்தில் மானாப்புல், அதற்கு மேலே காடு, காட்டுக்கு மேலே கறுத்த பாறை. பாறையின் நெற்றியில் முக்கால்வாசி நாள் மேகம் இருக்கும். விறகுக்குப் போகிற பெண்கள்கூடக் காட்டின் ஓரத்தோடு திரும்பிவிடுவார்கள். உச்சியைப் பார்த்தவர்கள் என்று தோட்டத்தில் இரண்டு மூன்று பேரைச் சொல்வார்கள். அவர்களில் யாரும் இரண்டாவது முறை ஏறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். அவன் சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான், வெறுங்கால். இடுப்பில் கவ்வாத்துக் கத்தி, தோளில் விறகு கட்டுகிற கயிறு, சாக்கில் சாப்பாட்டுப் பொட்டலம். நான் கணக்கப்பிள்ளை ஆனபின் வாங்கிய கன்வாஸ் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவன் ஒரு முறை என் காலைப் பார்த்தான்.

தேயிலையைத் தாண்டும் வரை நான்தான் பேசிக்கொண்டு போனேன். மானாப்புல்லுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. புல் ஆளை மறைக்கும் உயரம், இரவு மழையில் நனைந்து கிடந்தது. விளிம்பு கத்தி மாதிரி கையைக் கீறியது. அவன் வேகமாகப் போனான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

காட்டுக்குள் அட்டை. சப்பாத்தின் துணிக்குள் புகுந்து விரல் இடுக்கில் கடித்தது. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அவன் காலில் பளபளவென்று தேய்த்திருந்தான். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று நினைத்தேன். அப்போது ஒரு கிளை வந்து என் முகத்தில் அறைந்தது. காட்டுப் பாதையில் முன்னால் போகிறவன் கிளையை விலக்கினால், பின்னால் வருகிறவன் பிடிக்கும் வரை வைத்துக்கொண்டிருப்பான். இது யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லாத பழக்கம். முதல் கிளை கை தவறிவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது உதட்டில் பட்டது. மூன்றாவது கண்ணோரத்தைக் கிழித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

"டேய், பாத்து விடுடா."

"நீதான் பாத்து வரணும்" என்றான். திரும்பவில்லை.

ஒரு ஓடைக் கரையில் உட்கார்ந்தான். பொட்டலத்தைப் பிரித்தான். கோதுமை மா ரொட்டியும் சம்பலும். ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டுத் தின்ன ஆரம்பித்தான். நான் எதிரே உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"உனக்குக் கொண்டு வரல" என்றான்.

விளையாடுகிறான் என்று சிரித்தேன். அவன் மென்று, விழுங்கி, அடுத்த துண்டைப் பிட்டான். மூன்று ரொட்டி இருந்தது. மூன்றையும் என் கண் முன்னால் தின்று முடித்தான். கடைசித் துண்டால் இலையில் ஒட்டியிருந்த சம்பலைத் துடைத்துத் தின்றான். ஓடையில் கை கழுவினான்.

"என்னடா கோவம் உனக்கு?"

"கோவமா? எனக்கென்ன கோவம்? நீ என்ன பண்ணின, நான் கோவப்படுறதுக்கு?"

அங்கேயே நான் சொல்லியிருக்கலாம். பதில் சொல்ல இடம் விட்டு, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். அவிழ்ந்திருக்காத கயிறு. அவன் எழுந்து நடந்தான்.

திரும்பிப் போயிருக்கலாமே என்று பின்னாளில் என் மனைவி கேட்டாள். போயிருக்கலாம்தான். திரும்பினால் எல்லாம் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம். அதோடு எனக்கும் கோபம் வந்திருந்தது. ரொட்டிக்காக வந்த கோபம். பசியில் வந்த கோபத்துக்கு நியாயம் தெரியாது.

காடு முடிந்து பாறை வந்தது. மேகம் எங்களுக்குக் கீழேயும் மேலேயும் இருந்தது. பாறையில் செங்குத்தாக ஒரு வெடிப்பு. மூன்று ஆள் உயரம் இருக்கும். அதற்குள் தண்ணீர் கசிந்து பாசி படிந்திருந்தது. அவன் கயிற்றைத் தோளில் சரிசெய்துகொண்டு, வெடிப்பின் இரண்டு பக்கத்திலும் காலை ஊன்றி, பல்லி மாதிரி ஏறிப் போய்விட்டான். மேலே போய் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டான்.

"வா" என்றான்.

நான் ஏறினேன். பாதி வரை எப்படியோ வந்துவிட்டேன். அதற்கு மேல் சப்பாத்து வழுக்கியது. இடது காலை ஒரு பிளவில் சொருகி, வலது கையால் ஒரு புல் கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. கீழே பார்த்தேன். நான் ஏறிய இடம் தெரியவில்லை. வெடிப்புக்கு இடது பக்கம் பாறை அப்படியே காட்டு மரங்களின் உச்சி வரை இறங்கியது.

"கயிறப் போடுடா."

அவன் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தான். காம்பைக் கிள்ளிப் போட்டான். அது என் தோளில் விழுந்தது.

"பேர் என்ன?" என்றான்.

"என்னடா இது? கயிறப் போடு."

"பேர் என்ன?"

நுவரெலியாவில் மொழிபெயர்ப்பாளர் கேட்ட அதே குரலில் கேட்டான். நான் என் பேரைச் சொன்னேன்.

"தகப்பன் பேர்?"

சொன்னேன்.

"எங்க பொறந்த?"

"டேய், கை வழுக்குதுடா!"

"எங்க பொறந்த?"

"உன் பக்கத்துக் காம்பராவுலடா! செவுருக்கு அந்தப் பக்கம்!"

"அதுக்கு என்ன அத்தாட்சி? நீ வேற ஆளா இருக்கலாம். அவன் பேரச் சொல்லிக்கிட்டு நீ வந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? சாட்சி இருக்கா?"

"நீதான்டா சாட்சி!"

வெற்றிலையை வாயில் போட்டு மென்றான். அவசரமே இல்லை.

"நான் வர முடியாது. நான் காச்சல்ல படுத்திருக்கேன்" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்ததா, வெட்கத்தில் வந்ததா, இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பாறையில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். பெரிய கணக்கப்பிள்ளை கூப்பிட்டது, அவர் சொன்னது, நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டது, கீழ் டிவிஷனுக்குப் போனது. சொல்லி முடிக்கும் வரை அவன் மெல்லுவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கே தெரியும். கீழ் டிவிஷன்ல எங்க அத்த மக கொழுந்து எடுக்குறா. நீ புதுச் சப்பாத்தோட பெரட்டுல நின்னத அவதான் சொன்னா" என்றான்.

"பெறகு ஏன்டா கேக்கல?"

"நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். மூணு மாசம் பாத்தேன். அந்தக் கடுதாசியப் படிக்கயிலயாவது சொல்லுவேன்னு பாத்தேன். வாய் குழறாமப் படிச்சடா நீ."

எச்சிலைத் துப்பிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான். ஒரு முனையைத் தன் இடுப்பில் சுற்றிக் கட்டி, மறு முனையை எனக்குத் தொங்கவிட்டான். அது என் முகத்துக்கு நேராக வந்து ஆடியது.

"புடி."

நான் பிடிக்கவில்லை.

ஒரு கணம்தான் இருக்கும். புல் கொத்தை விட்டால்தான் கயிற்றைப் பிடிக்க முடியும். கயிற்றைப் பிடித்த பிறகு என் உயிர் அவன் இடுப்பில். அவன் முடிச்சை அவிழ்த்துவிட்டால்? நான் அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன நினைத்தேன் என்பது அதில் அப்படியே எழுதியிருந்திருக்க வேண்டும். அதுவரை அவன் முகத்தில் இருந்தது கோபம். இப்போது அது போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்ததைப் பார்த்ததும், கோபமே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. முன்பின் தெரியாத ஒருவனைப் பார்ப்பது மாதிரி பார்த்தான்.

"புடிடா" என்றான், தணிந்த குரலில்.

பிடித்தேன். இழுத்தான். நான் காலை உதைத்து உதைத்து மேலே வந்து விழுந்தேன். அவன் இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து ரத்தம் வந்திருந்தது. பாசியில் கையைத் துடைத்தான். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசாத."

அங்கிருந்து உச்சிக்கு அதிக தூரம் இல்லை. காற்றில் வளைந்துபோன குட்டை மரங்கள், அவற்றில் தாடி மாதிரி பாசி. உச்சியில் எந்தக் காலத்திலோ நில அளவைக்காரர்கள் அடுக்கிவிட்டுப் போன கல் குவியல் ஒன்று. வேறு ஒன்றும் இல்லை. நாலு பக்கமும் வெள்ளை. சிறு வயதில், மேலே ஏறினால் சிவனொளிபாத மலை தெரியும், நுவரெலியா தெரியும், கடல்கூடத் தெரியும் என்று நாங்கள் பேசிக்கொண்டதுண்டு. எங்களுக்கு எங்கள் கால்தான் தெரிந்தது. எங்கோ கீழே ரயில் கூவிக்கொண்டு போனது. காற்று சட்டைக்குள் புகுந்து பல்லைக் கிட்ட வைத்தது.

கல் குவியலுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன், அந்தப் பக்கம் அவன்.

"தள்ளிருவேன்னு நெனச்சியா?" என்றான்.

நான் கீழே கிடந்த ஒரு சிறு கல்லை எடுத்துக் குவியலில் வைத்தேன்.

"நெனச்ச." அவனே சொல்லிக்கொண்டான். "ஒன்னத் திங்க விடாம நடக்க வைக்கணும், அழ வைக்கணும், வாயால சொல்ல வைக்கணும். அதுக்குத்தான் கூட்டியாந்தேன். அதுக்கு மேல என் மனசுல ஒண்ணும் இல்ல. நீ என்னய அந்த மாதிரி ஆளுன்னு நெனச்சிட்டியேடா."

"நீ பண்ணினதப் பாத்தா யாருதான் நெனைக்க மாட்டான்?" என்றேன். எனக்கும் குரல் உயர்ந்தது. "அந்தரத்துல தொங்கவிட்டுட்டு வெத்தல போடுற. என்னய என்ன நெனைக்கச் சொல்ற?"

"நெனச்சுக்க. இனிமே என் வாசல்ல ஏறாத. எங்க அம்மாகிட்டப் பேசாத. வேலக்காட்டுல நீ கணக்கப்பிள்ள, நான் கூலி. அவ்வளவுதான்."

எழுந்தான். ஏறி வந்த பக்கம் இல்லாமல் மறு பக்கமாக இறங்கிப் போனான். கத்தி செடிகளை வெட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

வெடிப்பு வழியாக இறங்க எனக்குத் தைரியம் இல்லை. அவன் போன தடத்தைப் பிடித்து இறங்கலாம் என்று பார்த்தேன். மேகத்தில் தடம் தப்பிவிட்டது. உட்கார்ந்தும் சறுக்கியும் தவழ்ந்தும் இறங்கினேன். ஒரு சப்பாத்து சேற்றில் போயிற்று. ஒரு சரிவில் உருண்டு முழங்காலில் சதை பிளந்தது. இறங்கும் நேரம் முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். தாயை இழுத்துத் திட்டினேன். அவன் அம்மா கையால் எத்தனையோ நாள் சோறு தின்றிருக்கிறேன், அப்படியும் திட்டினேன். யாரும் கேட்காத இடத்தில் மனுஷன் எவ்வளவு கேவலமானவன் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பக்கத்துத் தோட்டத்துத் தேயிலைக்குள் வந்து விழுந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கிருந்த காவல்காரர், நான் கண்ணி வைக்க வந்தவன் என்று நினைத்து நாயை ஏவிவிட்டார். என் தோட்டத்துப் பேரைச் சொல்லிக் கும்பிட்ட பிறகுதான் விட்டார். "ஒத்தச் சப்பாத்தோட மலையில என்னடா வேல?" என்று கேட்டுவிட்டுக் காறித் துப்பினார்.

எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது அவன் பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தான். உயிரோடு வந்துவிட்டேனா என்று பார்த்திருக்கலாம். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்துத் தலவாக்கலைக்குப் போய் புரொக்டர் என்கிற வக்கீல் ஒருவரிடம் சத்தியக் கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் ஒரே ஆள், எனக்கு நேரில் தெரியும் என்று. மேல்முறையீடு செய்ய இன்னும் நாள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவன் வாசலில் போய் நின்றேன், உள்ளே ஏறவில்லை. அவன் அம்மாதான் முதலில் வந்தார்.

"எம் புள்ள பேர ரெண்டாக்குனது நான். தெரியாமப் பண்ணிட்டேன். நீ தெரிஞ்சே பண்ணினியேப்பா" என்றார்.

அவன் அம்மாவுக்குப் பின்னால் வந்து காகிதத்தை வாங்கினான். இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. அப்படியே என்னிடம் நீட்டினான்.

"உன் கையெழுத்துல எனக்கு ஒரு நாடு வேணாம்."

"பைத்தியக்காரத்தனமாப் பேசாதடா. ஒரு கோவத்துக்காக வாழ்க்கையத் தொலைக்காத."

"என் வாழ்க்க. நான் தொலைக்கிறேன். நீ போ."

அவன் அம்மா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார், அந்தக் காகிதத்துக்காக. அவன் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான். மேல்முறையீட்டுக்கான நாள் கடந்துவிட்டது.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவன் எனக்குக் கீழேதான் கவ்வாத்து வெட்டினான். ஒரு செடியில்கூடப் பிழை இருக்காது. நான் வருகிறபோது தலைத்துணியை எடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பான். பெரிய கணக்கப்பிள்ளைக்கே செய்யாத மரியாதை. சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துகொள்வார்கள். அது பொறுக்காமல் ஒரு முறை, கல்லும் சரிவுமாக யாரும் நிற்க விரும்பாத நிரையை ஒரு வாரம் முழுக்க அவனுக்கே ஒதுக்கினேன். எனக்கு அந்த அதிகாரம் இருந்தது. அவன் நாள் தவறாமல் வெட்டிக்கொண்டு வந்தான். ஆறாம் நாள் நானே மனம் கேட்காமல் வேறு நிரைக்குப் போகச் சொன்னேன். "இருக்கட்டுங்க ஐயா" என்றான். அவன் வாயிலிருந்து அந்த ஐயாவைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு அவன் ராகலைப் பக்கம் பெண் கட்டி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்கே போய்விட்டான். எனக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. நானும் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாறினேன்.

அறுபதுகளின் நடுவில், நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் போகிற பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். பஸ் நிறைந்திருந்தது. முட்டைக்கோவா மூட்டைகளுக்கு மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எதிர் சீட்டில் ஜன்னலோரம் அவன், பக்கத்தில் மடியில் கைக்குழந்தையோடு அவன் மனைவி. அவன் என்னை முதலிலேயே பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது.

அந்தப் பெண் கலகலப்பானவள். மூட்டை சரிந்து என் காலில் விழுந்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க எந்தத் தோட்டங்க அண்ணே?"

நோர்வூட் என்றேன். பிறந்த தோட்டம் வட்டகொடைக்கு மேலே என்றும், ஏனோ வாய் தவறி, பேரோடு சொல்லிவிட்டேன்.

"அட! இவங்களும் அந்தத் தோட்டந்தாங்க! இவங்களத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"தெரியாது" என்றான் அவன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இவங்க இப்புடித்தாங்க அண்ணே. யாரையும் தெரியாதும்பாங்க." குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு தொடர்ந்தாள். "நாங்க இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தாச்சுங்க. எப்ப அனுப்புவாங்களோ தெரியல. இவங்களுக்குப் பேரு ரெண்டா இருந்துச்சாம். அத எடுத்துச் சொல்ல ஒரு ஆளு இல்லாமப் போச்சாம். அதுனால இங்க கெடைக்கல. அந்த வாத்தியாரு உசிரோட இருந்திருந்தா கெடைச்சிருக்கும்னு மாமியா சொல்லிக்கிட்டே இருந்து செத்துப்போச்சு."

வாத்தியார். இத்தனை வருஷமும் அவன் வீட்டில் சொல்லி வந்தது அதுதான். அவன் அம்மாகூட அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் பேர் அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வந்ததே இல்லை.

நான் அவன் பக்கம் குனிந்தேன். என்ன சொல்ல நினைத்தேன் என்று தெரியாது. அவன் தலையைத் திருப்பி, முதல் முறையாக என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மன்னிப்பு எதுவும் இல்லை. ஒரு வார்த்தை பேசினால் நடப்பது வேறு என்பது மட்டும் தெளிவாக இருந்தது. நான் நிமிர்ந்துகொண்டேன்.

ராகலைக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் அவர்கள் இறங்கினார்கள். மழை பிடித்திருந்தது. அவள் கீழே நின்று, "வாறோங்க அண்ணே" என்றாள். அவன் சாக்கை விரித்துக் குழந்தையின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். நடத்துனர் மணி அடித்தார். அவன் இருந்த சீட் காலியாக இருந்தது. பின்னால் நின்ற ஒரு கிழவர், "ஒக்காருங்க தம்பி, ஏன் நிக்கிறீங்க?" என்றார். நீங்களே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்தபடி ராகலை வரை நின்றுகொண்டே போனேன்.